நாடு – நட்டவர் இட்ட பெயர்

2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அக்கால் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர், இம்மாநிலத்தைத் 'தமிழ்நாடு' என்பதினும் 'தமிழகம்' என்பதே பொருத்தமாகும் என்று பேசினார். அதே திங்களில் அவர் மாளிகையினின்று போந்த பொங்கல் அழைப்பிதழிலும் 'தமிழக ஆளுநர்' என்றே அச்சிடப் பெற்றிருந்தது. எதிர்ப்பு எழுந்தது. பின்னர், பெயரை மாற்ற வேண்டுமெனத் தாம் கூறவில்லை என்றும், காசிக்கும் தமிழர்க்கும் இருந்த பண்டைத் தொடர்பைப் பற்றிப் பேசுங்கால், அந்நாளில் 'தமிழ்நாடு' என ஒன்று இல்லாமையால் 'தமிழகம்' என்னும் சொல்லை ஆண்டதாகவும் அவர் விளக்கம் தந்தார். பூசல் அடங்கிற்று. ஆனால் அதன் அடியில் கிடந்த வினா அடங்கவில்லை.

"நாடு என்றால் தனியரசு. மாநிலமோ ஓர் ஒன்றியத்தின் உறுப்பு. உறுப்பிற்கு நாடு என்று எங்ஙனம் பெயரிடலாம்?" இதுவே அவ்வினா. இதனை ஆளுநர் ஒருவர்தாம் எழுப்பினார் என்பதில்லை. வடவர் பலர் நெடுங்காலமாகவே கேட்டு வருவதுதான். நம்முள்ளும் படித்தவர் சிலர் இதற்கு விடை காணாது விழிக்கின்றனர். வேறு சிலரோ 'தமிழகம்' என்னும் தூய தமிழ்ச்சொல்லையே பகைவர் சொல்லென்று எண்ணி அதனை வாயால் சொல்லவும் கூசுகின்றனர். இவ்விருவகைத் தடுமாற்றமும் சொல்லின் வேரறியாமையால் நேர்ந்தவை. ஆகலின் இத்திங்கள் 'நாடு' என்னும் அவ்வொரு சொல்லையே எடுத்துக்கொண்டு, அஃது எதனின்று பிறந்தது, எதனைக் குறித்தது, எவர் வாயில் வாழ்ந்தது என்று காண்போம்.

சொல்லின் வேர்

குறிலிணை வினையடிகள் முதலெழுத்து நீண்டு பெயராதல் தமிழில் பெருவழக்கு. படு – பாடு. கெடு – கேடு. சுடு – சூடு. விடு – வீடு. பெறு – பேறு. உறு – ஊறு. இவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணியர். இவ்வரிசையில் நடு – நாடு என்பதனை வைத்துப் பாருங்கள், பிசிறின்றிப் பொருந்தும். நடுதலாவது, நாற்றையோ கல்லையோ காலையோ நிலத்தில் ஊன்றி நிலைபெறச் செய்தல். விடுதலை உணர்த்திய வீடு என்னும் சொல், மாந்தர் வேலை விட்டு வந்து தங்கும் இல்லத்திற்குப் பெயரானாற்போல, நடுதலை உணர்த்திய நாடு என்னும் சொல் அவர் நட்டு விளைத்த நிலத்திற்குப் பெயராயிற்று. 'நாட்டுதல்' என்னும் வினையும் இவ்வேரினதே. பந்தற்கால் நாட்டுகிறோம், கொடி நாட்டுகிறோம், வென்றவன் பெயரை நாட்டுகிறான்.

நாடுதல், அஃதாவது தேடுதல் என்னும் வினையினின்று இச்சொல் வந்ததென்றும், மக்கள் நாடி வரும் இடமே நாடென்றும் கூறுவாருளர். கேட்பதற்கு இனிதே. ஆயின் வழக்கு அதன் பக்கம் நிற்கவில்லை. வள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தில் ஒரு குறளில் அவ்வினையை எடுத்துச் சொல்லாடுகின்றார். ஆனால் அங்கும் அவர் கூறுவது, வளத்தை நாடியலைய வேண்டாது தானே தரும் நிலமே நாடு என்பதும், நாடித் தேடினால் தருவது நாடாகாது என்பதுமே. அவ்வதிகாரத்தின் முதற் குறளிலோ, நாட்டிற்கு வேண்டுவனவற்றுள் குன்றாத விளைவினை முதற்கண் வைத்து, அறிஞரையும் செல்வரையும் அதன் பின்னரே நிறுத்துகின்றார். நட்டு விளைப்பதே நாட்டின் முதல் இலக்கணம் என்பது அவர்க்குத் தெளிவு.

'நாடு' என்பதற்கு எதிர்ச்சொல் யாது? இற்றைநாள் மாணவனைக் கேட்டால் 'வெளிநாடு' என்பான். பழந்தமிழன் 'காடு' என்றே விடையிறுத்திருப்பான். கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கினான் என்றும், குளம் தொட்டு வளம் பெருக்கினான் என்றும் பட்டினப்பாலை பேசுகின்றது. நாடு என்பது இயற்கை வைத்துவிட்டுப் போன ஒன்றன்று. கையால் ஆக்கப்படுவது என்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டுமோ? ஔவையார் நிலத்தை விளித்துப் பாடிய புறப்பாட்டிலும் நாடும் காடும் எதிரெதிரே நிற்கின்றன. எங்கு ஆடவர் நல்லரோ அங்கே நிலமும் நன்று என்று அவர் முடிக்கின்றார். இன்றும் காட்டுப்பன்றிக்கு எதிரானது நாட்டுப்பன்றி. காட்டுக்கோழிக்கு எதிரானது நாட்டுக்கோழி. நூல் தெரியாத உழவன் வாயில் இரண்டாயிரம் ஆண்டுப் பொருள் வேறுபாடு கெடாமல் கிடக்கின்றது.

இன்னும் கேளுங்கள். தென்கோடியில் உள்ள நெல்விளை நிலத்திற்கு நாஞ்சில்நாடு என்று பெயர். நாஞ்சில் என்பது கலப்பை. 11-ஆம் நூற்றாண்டு முதலாகத் தமிழ்நிலமெங்கும் ஓங்கி நின்ற உழவர் பேரமைப்பொன்று தன்னைச் 'சித்திரமேழிப் பெரியநாடு' என்றே அழைத்துக் கொண்டது. மேழி என்பது கலப்பையின் கைப்பிடி. அவ்வமைப்பினர் பொறித்த கல்வெட்டுகளில் கலப்பையின் உருவமே அடையாளமாகக் காணப்படுகின்றது. நாடும் கலப்பையும் பிரிக்கவொண்ணாதவை என்பதை அவர் கல்லிலேயே எழுதி வைத்தனர்.

இச்சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தமிழின் இனமொழிகள் பலவற்றிலும் வேரோடியது. மலையாளத்தில் வள்ளுவநாடு, ஏறநாடு, குட்டநாடு, வயநாடு. தெலுங்கில் வேங்கிநாடு, பல்நாடு. கன்னடத்தில் மொழியின் நிலமே கருநாடு. அக் கருநாடு வடமொழியார் வாயில் 'கர்ணாட' என்று திரிந்து, நம்மிடமே 'கருநாடகம்' என்று மீண்டு வந்தது. குடகிலும் துளுவிலும்கூட இச்சொல் உண்டு. ஆயின் வடமொழியில் இதற்கு வேரில்லை. தென்னிந்திய மண்ணில் நட்டு விளைத்த மக்கள் தம் நிலத்திற்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் இது.

நாட்டின் அளவு

இனி, நாடு என்றால் தனியரசுதானா என்னும் வினாவிற்கு வருவோம்.

செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த நிலங்கள் பன்னிரண்டு என்றார் தொல்காப்பியர். உரையாசிரியர் அவற்றைக் குட்டநாடு, குடநாடு, பன்றிநாடு, பூழிநாடு, அருவாநாடு என்று 'நாடு' என்னும் சொல்லாலேயே எண்ணிக் காட்டினர். அவை பன்னிரண்டும் பன்னிரண்டு தனியரசுகள் அல்ல. சோழநாடு, பாண்டிநாடு, சேரநாடு என்னும் பேரெல்லைகளும் நாடுகளே. அவற்றின் உள்ளடங்கிய சில பல ஊர்களின் கூட்டமும் நாடே. சுந்தரர் 'நாட்டுத்தொகை' என்றே ஒரு பதிகம் பாடினார். அதில் ஊர்கள் எந்நாட்டின என்று குறிக்கப் பெறுகின்றன. மிழலை என்னும் பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தமையால் ஒன்றை மிழலைநாட்டு மிழலை என்றும், மற்றதை வெண்ணிநாட்டு மிழலை என்றும் பிரித்தோதுகின்றார். இன்று நாம் முகவரியில் வட்டமும் மாவட்டமும் எழுதுவதுபோல, அன்று நாட்டின் பெயரைச் சொல்லி ஊரை அடையாளங் காட்டினர் என்பது இதனால் விளங்கும்.

சோழர் கால ஆட்சி அடுக்கு இதனை மேலும் தெளிவுறக் காட்டும். ஊர்கள் சில சேர்ந்தது நாடு. நாடுகள் பல சேர்ந்தது வளநாடு. வளநாடுகள் சேர்ந்தது மண்டலம். சில இடங்களில் நாடு என்பதற்கு மாற்றாகக் கூற்றம் என்னும் சொல் வழங்கிற்று. கூறு என்பதன் அடியாகப் பிறந்த கூற்றம், நிலத்தின் ஒரு பங்கைக் குறிக்கும். புறநானூற்றிலே மிழலை, முத்தூறு என்று வரும் பகுதிகள் கல்வெட்டுகளில் மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என நிற்கின்றன. வேந்தர் பலர் எழுந்து வீழ்ந்த பின்னரும் அப்பெயர்கள் வீழவில்லை.

தொண்டை நாட்டிலோ கோட்டம் என்பது பெருவழக்கு. கோடு என்றால் வளைவு. வளைந்து சூழ்ந்த எல்லை கோட்டம். தொண்டை நாட்டிற்குக் கோட்டங்கள் 24, அவற்றுள் அடங்கிய நாடுகள் 79 என்பது வழிவழி வந்த கணக்கு. இன்றைச் சென்னை மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்றின் பெயரால் புழற்கோட்டம் இருந்தது. குடவோலைத் தேர்தலுக்குப் பேர்போன உத்தரமேரூர் காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. கொங்கிற்கு 24 நாடுகள் என்பதும் வழிவழிக் கணக்கே.

ஆகவே, 'நாடு' என்பது ஓர் அளவுச்சொல் அன்று. பத்திருபது ஊர்களின் கூட்டமும் நாடு; சோழன் ஆண்ட பரப்பும் நாடு; தமிழ் வழங்கும் நிலம் முழுதும் நாடு. அளவு மாறும், மாறாதது ஒன்றுண்டு. அங்கு மக்கள் வேரூன்றி, நட்டு, விளைத்து, தம் காரியம் தாமே பார்த்து வாழ்ந்தனர் என்பதே அது. 'தனியரசு' என்னும் பொருளை மட்டும் இச்சொல்லுக்கு ஏற்றி, பின்னர் அப்பொருளைக் காட்டியே இச்சொல்லைப் பறிக்க முனைவது, ஒருவனுக்குத் தானே ஒரு சட்டையை மாட்டிவிட்டு, அச்சட்டை பொருந்தவில்லை என்று அவனை வீட்டைவிட்டுத் துரத்துவது போன்றதாகும்.

நாட்டார்

நாடு என்னும் பிரிவுக்குரிய அவையினர் நாட்டார் எனப்பட்டனர். முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேட்டைப் பாருங்கள். வேந்தனின் ஓலை பட்டினக் கூற்றத்து நாட்டார்க்குச் செல்கின்றது. அவர்கள் எதிர்சென்று அதனை ஏற்றுத் தலைமேல் வைத்து, ஒரு பெண்யானையை முன்னே நடத்தி, ஊரின் எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டி, ஆவணம் எழுதித் தருகின்றனர். பெருவேந்தனேயாயினும் தன் ஆணையை நிலத்தின்மேல் நிறைவேற்ற வேண்டுமாயின், அந்நிலத்து நாட்டார் எழுந்து நடந்தால்தான் முடியும். கூற்றத்தின் அவையினர்க்கும் நாட்டார் என்பதே பெயராதலையும் இங்கு நோக்குக.

இங்கே நாம் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. நாட்டார் அவையில் அமர்ந்தவர் நிலமுடையோர். சேற்றில் இறங்கி நாற்று நட்ட கையினர்க்கு அவ்வவையில் இடமில்லை. நடுதலால் பெயர்பெற்ற நாட்டில், நட்டவன் வாயிலுக்கு வெளியே நின்றான். இதனைப் பழம்பெருமைப் போர்வையால் மூடுவது நம் கொள்கைக்கு அடாது. பிற்காலத்தில் நாடு என்பதனை ஒரு குலத்தாரின் எல்லையாகக் கொண்டு பிறரைத் தாழ்த்தியோரும் உளர். சொல்லின் வேர் நமக்கு ஒரு பெருமையைத் தருவதோடு ஒரு கடனையும் சுமத்துகின்றது. நட்டவர் அனைவர்க்கும் உரியதாகும் அன்றே நாடு தன் பெயருக்குத் தக்கதாகும்.

வேந்தர் பெயரும் மக்கள் பெயரும்

சோழர் ஆட்சிப் பிரிவுகளைப் பற்றி ஆராய்ந்தோர் கண்ட செய்தியொன்று தமிழர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ளத் தக்கது. நாடுகளின் பெயர்கள் பெரும்பாலும் அங்குள்ள ஊரின் பெயரால் அமைந்தவை. வளநாடுகளின் பெயர்களோ வேந்தன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்கள். சத்திரிய சிகாமணி வளநாடு, இராசேந்திர சிங்க வளநாடு, நித்தவினோத வளநாடு, கேரளாந்தக வளநாடு, பாண்டிய குலாசனி வளநாடு என்று இராசராசன் தன் வடமொழிப் பட்டங்களைத் தமிழ் நிலத்தின்மேல் வரிசையாக ஒட்டிவைத்தான். தொண்டை நாடே செயங்கொண்ட சோழ மண்டலமாயிற்று. பின்வந்த வேந்தர் அவற்றுட் பலவற்றைக் கிழித்துத் தத்தம் பட்டங்களை ஒட்டினர். வேந்தர் குடி மறைந்ததும் அவையும் மறைந்தன. இன்று தஞ்சை மண்ணில் நித்தவினோத வளநாடு எது என்று கேட்டால் கல்வெட்டு படித்தவர்க்கன்றித் தெரியாது. ஆயின் ஒரத்தநாடு எது என்று கேட்டால் பேருந்து நடத்துநரும் சொல்வார். அவ்வூருக்கு மராட்டிய வேந்தர் காலத்தில் முத்தாம்பாள்புரம் என்று பெயர் சூட்டிப் பார்த்தனர். மக்கள் வாயில் நிலைத்தது ஒரத்தநாடே.

இப்பாடம் நம் காலத்திலும் மீண்டும் நடந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குத் தலைவர் பெயர்களைச் சூட்டினர். பெரியார் மாவட்டமும் சிதம்பரனார் மாவட்டமும் நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டமும் தோன்றின. அப்பெருமக்கள்பால் நமக்குள்ள மதிப்பு சிறிதன்று. ஆயினும் 1997-ஆம் ஆண்டில், சாதிப் பூசல்களை அடுத்து அப்பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டு, ஈரோடு, தூத்துக்குடி, திருநெல்வேலி என்று ஊர்ப்பெயர்களே மீண்டும் நின்றன. மேலிருந்து ஒட்டிய பெயர் உதிரும். கீழிருந்து முளைத்த பெயரே நிலைக்கும்.

இடையில் வந்த சொற்கள்

தமிழர் ஆட்சி தமிழரிடமிருந்து நழுவிய பின்னர் நிலத்தின் பிரிவுகளுக்கு வந்து குந்திய சொற்களைப் பாருங்கள். சில்லா, தாலுக்கா, பிர்க்கா, தாசில் ஆகிய நான்கும் அரபி மொழியில் வேர்கொண்டு, பாரசீக ஆட்சிவழக்கின் வழியே வந்தவை. சில்லா என்பதன் முதற்பொருள் விலா, பக்கம் என்பது. பிர்க்கா என்பது பிரிவு. தாலுக்கா என்பது ஒன்றனைச் சார்ந்து ஒட்டிக்கிடப்பது. தாசில் என்பது தண்டுதல். அவர்க்குப் பின் வந்த ஆங்கிலேயரோ இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, தலையில் 'கலெக்டர்' என்பவரை அமர்த்தினர். அச்சொல்லின் நேர்ப்பொருள் தண்டுபவர், அஃதாவது வரி திரட்டுபவர்.

வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். தமிழன் தன் நிலத்தைப் பார்த்து 'நட்ட இடம்' என்றான், 'பங்கு' என்றான், 'சூழ்ந்த எல்லை' என்றான். வந்தவன் அதே நிலத்தைப் பார்த்து 'என்னைச் சார்ந்து கிடப்பது' என்றான். 'தண்டும் இடம்' என்றான். முன்னது வாழ்பவன் இட்ட பெயர். பின்னது வாங்குபவன் இட்ட பெயர். அரபி மொழிமீதோ அதனைப் பேசும் மக்கள்மீதோ நமக்குக் காழ்ப்பில்லை. அவர் நிலத்தில் அவர் சொல் அரசாளட்டும். நம் வயலுக்கு நாம் சூட்டும் பெயர் நம் வாயினின்று பிறக்க வேண்டும் என்பதே நம் வேட்கை.

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின்னர், இச்சொற்களுட் பல ஆட்சி ஏடுகளினின்று நீங்கின. மாவட்டம், வட்டம், குறுவட்டம் என்னும் சொற்கள் அமர்ந்தன. வள் என்னும் வளைவுப் பொருள் வேரினின்று வந்த வட்டம் நல்ல தமிழ்ச்சொல். தொண்டை நாட்டுக் கோட்டம் மீண்டும் உயிர்பெற்று வருவாய்க் கோட்டமாக நிற்கின்றது. கோட்டாட்சியர் என்னும் பெயரும் வழங்குகின்றது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். சமாபந்தி வருவாய்த் தீர்வாயம் ஆயிற்று. இவை தனித்தமிழ் உணர்வுக்குக் கிடைத்த வெற்றிகளே. எனினும் நம் வாய் இன்னும் மாறவில்லை. அலுவலகத்தின் பலகையில் 'வட்டாட்சியர் அலுவலகம்' என்று எழுதியிருக்க, அதன் கீழ் நின்றுகொண்டே 'தாலுக்கா ஆபீசு எங்கே?' என்று தமிழன் தமிழனைக் கேட்கின்றான். பலகை விடுதலை பெற்றுவிட்டது. வாய் இன்னும் அடிமையாகவே உள்ளது.

தமிழ்நாடு

நாடு என்னும் பெயர் இம்மாநிலத்திற்கு எளிதில் கிடைத்ததன்று. 1956-ஆம் ஆண்டு சூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பைத் தொடங்கினார் தியாகி சங்கரலிங்கனார். அவர் வைத்த கோரிக்கைகளுள் தலையாயது, 'சென்னை மாநிலம்' என்பதனைத் 'தமிழ்நாடு' என்று மாற்ற வேண்டும் என்பது. அதே ஆண்டு அக்தோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. 1963-இல் மாநிலங்களவையில் இப்பெயர் மாற்றத்திற்கான சட்ட முன்வடிவின்மீது அறிஞர் அண்ணா வாதிட்டார். அதனைக் கொண்டுவந்தவர் பூபேசு குப்தா என்னும் வங்காளியார் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். அன்று அது தோற்றது. 1967 சூலை 18 அன்று தமிழக சட்டமன்றம் அதனை ஒருமனதாக ஏற்றது. 1969 சனவரி 14, பொங்கல் நாளில் 'தமிழ்நாடு' என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்று கிழமைக்குள் அண்ணா மறைந்தார். ஓர் உயிர் கொடுத்து, பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் போராடிப் பெற்ற பெயர் இது.

அக்காலத்தே 'தமிழ்நாடு' இல்லை என்பார்க்கு நம் விடை சுருக்கமானது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைத் திறந்து பார்க்கட்டும். 'தமிழ்நாடு' என்னும் தொடரை அங்கே காண்பர். புறநானூற்றைத் திறந்து பார்க்கட்டும். 'தமிழகம்' என்னும் சொல்லையும் காண்பர். இரண்டும் நம்முடையவை, இரண்டும் பழையவை, இரண்டும் தூயவை. பனம்பாரனாரோ தமிழ் வழங்கும் நிலத்தை 'உலகம்' என்றே குறித்தார். எனவே 'தமிழகம்' என்று கூறும் தமிழனைச் சினந்து நோக்குவது அறியாமை. நாம் மறுப்பது அச்சொல்லையன்று. ஒரு தமிழ்ச்சொல்லைக் கருவியாக்கி இன்னொரு தமிழ்ச்சொல்லை வெட்டும் சூழ்ச்சியையே.

கேரளத்தில் 1980-இல் புது மாவட்டம் ஒன்றை அமைத்தபோது அதற்கு வயநாடு என்னும் பழம்பெயரையே இட்டனர். அங்கு ஏறநாடும் குட்டநாடும் இன்றும் வட்டப் பெயர்கள். ஆந்திரத்தில் 2022-இல் மாவட்டங்களைப் பகுத்தபோது பல்நாடு என்னும் பெயரில் ஒரு மாவட்டம் எழுந்தது. தமிழ்நாட்டிலோ 2019-இலும் 2020-இலும் ஆறு புது மாவட்டங்கள் தோன்றின. மாவட்டங்களின் தொகை 38 ஆயிற்று. அவற்றுள் ஒன்றேனும் 'நாடு' என்னும் ஈற்றைப் பெறவில்லை. ஊர்ப்பெயர்கள் கூடா என்று நாம் சொல்லவில்லை. மாநிலத்தின் பெயரில் நாட்டை வைத்துவிட்டு, உள்ளே உள்ள நாடுகளை எல்லாம் மறந்துவிட்டோமே என்பதே நம் வருத்தம்.

முற்றும் மறந்தோமல்லேம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஏறிப் பாருங்கள். அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்கள் வளப்பூர்நாடு, அரியூர்நாடு, வாழவந்திநாடு, குண்டூர்நாடு என்றே இன்றும் வழங்குகின்றன. கல்லூரி காணாத மலைமக்கள் காத்துத் தந்த சொல்லை, பட்டங்கள் பெற்ற நாம் சமவெளியில் தொலைத்துவிட்டு, தில்லியார் அதனைக் குறை கூறுங்கால் மட்டும் துடிக்கின்றோம்.

ஆகலின், அன்பர்களே, நாம் செய்ய வேண்டுவன மூன்று.

முதலாவது, முகவரி எழுதுங்காலும் ஆவணம் எழுதுங்காலும் பேசுங்காலும் சில்லா, தாலுக்கா, பிர்க்கா என்னும் சொற்களை அறவே விடுத்து, மாவட்டம், வட்டம், குறுவட்டம் என்றே வழங்குவது. இதற்கு எவர் ஆணையும் வேண்டுவதில்லை. நம் நாவின் ஆணையே போதும்.

இரண்டாவது, நீங்கள் வாழும் ஊர் பண்டு எந்நாட்டை, எக்கூற்றத்தை, எக்கோட்டத்தைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வது. ஊர்க் கோயிற் சுவரில் கல்வெட்டிருப்பின் பெரும்பாலும் அதிலேயே அது பொறிக்கப் பெற்றிருக்கும். படிக்கத் தெரிந்தாரை அழைத்துப் படிப்பியுங்கள். அப்பெயரை ஊர் மன்றத்திலும் பள்ளியிலும் எழுதி வையுங்கள். திருமண அழைப்பிதழில் ஊர்ப்பெயரின் மேலே அந்நாட்டின் பெயரையும் அச்சிடுங்கள். உங்கள் மக்கள் வினவுவர். அவ்வினாவிலிருந்து ஒரு வரலாறு தொடங்கும்.

மூன்றாவது, இனிப் புதிய வட்டமோ மாவட்டமோ அமைக்கப்படுங்கால், அம்மண்ணின் பழைய நாட்டுப் பெயரையும் கருதிப் பார்க்க வேண்டும் என்று ஆங்காங்குள்ள அன்பர்கள் அரசுக்கு விண்ணப்பிப்பது. எந்தத் தலைவர் பெயரையும் வேண்டிப் பூசலிட வேண்டா. மண்ணின் பெயர் மண்ணுக்கே திரும்பட்டும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். நாடு என்னும் சொல்லின் பொருளை நம்மிடம் வினவுவார்க்கு, அகராதியைக் காட்டுவதினும் மேலான விடையொன்றுண்டு. தைத்திங்களின் அறுவடைக்கு முன்னர், சேற்றில் குனிந்து நின்று நாற்று நட்டாளே ஒரு தாய், அவள் கையைக் காட்டுங்கள். இந்நிலத்திற்குப் பெயரிட்டது அக்கை. அதனை மாற்றும் உரிமை வேறெந்தக் கைக்கும் இல்லை. அக்கைக்கு உரிய இடத்தை அவையிலும் ஆட்சியிலும் அளிக்காத வரை, 'தமிழ்நாடு' என்று நாம் முழங்குவதும் பாதி முழக்கமே.